புதிய பொருள் உருவாக்கம்: முதன்முறை பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு ஒரு செய்முறை

ஒரு பாகத்தின் வளைவையும் அதனுள் எழும் தகைவையும் (stress) கணக்கிடச் சொன்னால் பொறியியல் மாணவர்கள் தயங்காமல் செய்துவிடுவார்கள். எதைக் கணக்கிட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யும் நிலை வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. அந்த முடிவை எடுக்கப் பழக்குவதுதான் இந்தப் பாடத்தின் வேலை. குழு பிரிப்பது, கால அட்டவணை போடுவது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவை என்பதால் நேரே பாடத்துக்கு வருகிறேன்.

படி 1: பொருளை நீங்களே கொடுங்கள்

தேர்வை மாணவர்களிடம் விட்டால் ட்ரோன், செயலி, ரோபோ என்றுதான் வரும். முதல் பருவத்தில் இவற்றை ஏற்காதீர்கள். பயன்படுத்துபவரை ஒரே நாளில் சந்திக்க முடிய வேண்டும். பொருளைக் கையாலேயே பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். நான் தருவது தண்ணீர்ப் பாட்டில். அற்பமாகத் தோன்றும், ஆனால் ஒழுகல், கழுவுதல், பிடிமானம், மூடி என்று பொறியியல் பிரச்சினைகள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன.

படி 2: பயனரிடம் பேச அனுப்புங்கள்

வினாத்தாள் வேண்டாம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியும் வேண்டாம். "கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? செய்து காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். இருவராகப் போகட்டும். ஒருவர் பேச, மற்றவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். எத்தனை பேரைப் பார்ப்பது என்ற கேள்வி உடனே வரும். ஆபி கிரிஃபினும் ஜான் ஹவுசரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே வகைப் பயனர்களில் 20 முதல் 30 பேரிடம் பேசினாலே தேவைகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிவந்துவிடும். ஒரு வகுப்பு தன் குழுக்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளக்கூடிய எண்ணிக்கைதான் இது.

படி 3: பேச்சைத் தேவையாக மாற்றுவது

பாடம் தடம் புரள்வது இங்கேதான். இரண்டு வகுப்புகளை முழுதாக இதற்கு ஒதுக்குங்கள்.

பயனர் சொல்வது பெரும்பாலும் தீர்வாகவே இருக்கும். "மூடியில் ஒரு சங்கிலி இருந்தால் நல்லது" என்பார். மாணவர் குறிப்பேட்டில் "தேவை: சங்கிலி" என்று எழுதிவிடுவார். அந்த நொடியிலேயே கீல் மூடி, திருகாமல் அழுத்தித் திறக்கும் மூடி, மூடியே இல்லாத வடிவம் எல்லாம் கதவுக்கு வெளியே போய்விடுகின்றன. "எதற்காக?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் "திறந்த பிறகு மூடி தொலைவதில்லை" என்ற தேவை கிடைத்திருக்கும்.

நான் வைத்திருக்கும் சோதனை இது: எழுதிய வாக்கியத்தை நிறைவேற்ற ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வழிகளை மாணவரால் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அது தேவை அல்ல, வேடமிட்ட தீர்வு. திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து, ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அளவு வேண்டும். "ஒழுகக் கூடாது" என்பதை எப்படி அளப்பது? "நிரப்பிய பாட்டிலைத் தலைகீழாக 30 நிமிடம் வைத்தால் வெளியேறும் நீர், மில்லிலிட்டரில்" என்று எழுத வேண்டும். "எளிதாகக் கழுவ வேண்டும்" என்றால் வாயின் விட்டம், மில்லிமீட்டரில். இங்கே கெட்டிக்கார மாணவர்கள் ஒரு குறுக்குவழி எடுப்பார்கள்: அளக்க எளிதானதை எழுதிவிட்டு, தேவையை மறந்துவிடுவார்கள். வாய் அகலமாகிவிட்டது, ஆனால் அடிப்பகுதி மூலையில் கை எட்டவில்லை. விட்டத்தோடு, நிறமூட்டிய பாலை ஊற்றிக் காயவைத்து, கழுவிய பின் எஞ்சும் கறையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை என் கட்சி காகித அட்டைதான். ஓர் அட்டைக்கு ஒரு தேவை. மென்பொருள் அட்டவணையில் ஒருவர் தட்டச்சு செய்ய நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். அட்டையைத் தரையில் பரப்பினால் எல்லோரும் கைவைத்து வாதாடுவார்கள். அந்த வாதம்தான் பாடம்.

படி 4: கருத்துருவைத் தேர்ந்தெடுப்பது

தேவைகளை நிறைவேற்ற மாணவர்கள் வரைந்த கருத்துருக்களை, அதாவது பொருளின் ஆரம்ப வடிவ யோசனைகளை, பொறியியல் வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் பியூ வகுத்த அணியில் (ஒப்பீட்டு அட்டவணையில்) போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை ஒப்பீட்டு அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு தேவையிலும் புதியது மேலா (+), சமமா, கீழா (−) என்று குறித்தால் போதும். மாணவர்கள் கூட்டிக் கழித்து முதலிடம் யாருக்கு என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நிறுத்த விடாதீர்கள். கழித்தல் குறி விழுந்த இடத்தை வேறொரு கருத்துருவின் நல்ல அம்சத்தால் சரிசெய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு, அடிப்படைப் பொருளை மாற்றி அணியை மறுபடியும் போட வேண்டும். கலப்பில் பிறக்கும் கருத்துருவே பெரும்பாலும் வெல்கிறது.

படி 5: முன்மாதிரி

முதல் முன்மாதிரி அட்டையும் பசை நாடாவும்தான். முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் பக்கம் அதற்கு முன் போகக் கூடாது. மணிக்கணக்கில் அச்சிட்டதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. அட்டையைக் கிழிக்கத் தயங்க மாட்டார்கள். ஒவ்வொரு முன்மாதிரியும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதை அதன் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

படி 6: தொழில்நுட்ப மேலாண்மை

இதை வரையறைகளாக நடத்தினால் வகுப்பு தூங்கிவிடும். ஒரு முடிவின் முன் மாணவர்களை நிறுத்துங்கள். 1975, கோடாக் நிறுவனம். ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் ஃபிலிம் இல்லாத கேமரா ஒன்றைச் செய்து காட்டுகிறார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ, படத்தின் தெளிவு 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. நிறுவனத்தின் வருமானமோ ஃபிலிமில் இருக்கிறது. நீங்கள் மேலாளர், என்ன செய்வீர்கள்? 2012இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். முடிவு தெரிந்தால் எல்லோரும் மேதைகளாகிவிடுவார்கள். மாணவர்கள் தங்கள் முடிவையும் காரணத்தையும் எழுதித் தந்த பிறகே சொல்லுங்கள்.

அதன் பிறகு நாசாவின் 1 முதல் 9 வரையிலான தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோலை அறிமுகப்படுத்தினால், அது ஏன் தேவை என்பது தானாகவே விளங்கும். ஆய்வகத்தில் வேலை செய்வதற்கும் உண்மையான பயன்பாட்டில் வேலை செய்வதற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும் கருவி அது. அவரவர் பாட்டிலில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தது

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இறுதிப் பொருளுக்குப் பாதிக்கு மேல் தராதீர்கள். தந்தால் மாணவர்கள் கடைசி வாரத்தில் பளபளப்பான ஒன்றைச் செய்துவிட்டு, தேவைப் பட்டியலைப் பின்னோக்கி எழுதுவார்கள். தேவை அட்டைகளைத் தேதியிட்டு, படி 3 முடிந்த அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றம் செய்யலாம், ஆனால் எந்தப் பயனரின் எந்தப் பேச்சால் மாற்றினார்கள் என்பதைப் புதிய அட்டையின் பின்புறம் எழுதித் தர வேண்டும்.

இன்னொருவரின் வகுப்பில் 120 மாணவர்களாம். அவ்வளவு பேர் இருந்தால் பொருள் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். நேர்காணல் குறிப்புகளைப் பொதுவில் வைத்துவிட்டு, தேவைகளை மட்டும் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எழுதட்டும். ஒரே பேச்சிலிருந்து எத்தனை விதமான தேவைகள் பிறக்கின்றன என்பதைச் சுவரில் அருகருகே ஒட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.