பம்பைக் கழற்றும் முன் கேஜை மாட்டுங்கள்

மரினாவில் படகைக் கட்டிப்போட்டு நியூட்ரலில் முறுக்கினால் டீசல் இன்ஜின் சுத்தமாக ஏறும். கியர் போட்டு சிங்கப்பூரின் லாசரஸ் தீவுப் பக்கம் திரும்பியதும் 1,800 ஆர்பிஎம்மைத் தாண்ட மறுக்கும், ஏறி இறங்கித் தள்ளாடும். வேகத்தைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். டீசல் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கறுப்புப் புகை அள்ளிக்கொண்டு சக்தி குறைந்தால் அது வேறு கதை. அங்கே டீசல் போகிறது, காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். ஏர் ஃபில்டர், டர்போ, சிப்பி பிடித்த புரொப்பெல்லர் என்று தேடுங்கள். நம் கடலில் சில வாரம் சும்மா கிடக்கும் புரொப்பெல்லரில் சிப்பி பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே பேசுவது டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தள்ளும் லிஃப்ட் பம்ப் கொடுக்கும் குறைந்த அழுத்தத்தைப் பற்றி மட்டுமே. டயாஃப்ரம் பம்ப் உள்ள சின்ன இன்ஜினில் அது பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ. இன்லைன் இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ள பெரிய இன்ஜினில் 15 முதல் 30 பிஎஸ்ஐ வரை இருக்கும். உங்கள் இன்ஜின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. காமன் ரெயில் இன்ஜினாக (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) இருந்தால் ரெயில் பக்கத்து பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தமுள்ள டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைதான்.

இரண்டு கேஜ் வாங்குங்கள். ஒன்று உறிஞ்சும் இழுவையைப் பாதரச இன்ச்சில் காட்டும் 0 முதல் 30 இன்ச் வேக்குவம் கேஜ். மற்றது பிரஷர் கேஜ். சின்ன இன்ஜினுக்கு 0–15 பிஎஸ்ஐ, பெரியதற்கு 0–60. கிளிசரின் நிரப்பியதாக இருந்தால் முள் நடுங்காது. ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் தேடினால் கிடைக்கும். வேக்குவம் கேஜை, டேங்கிலிருந்து வரும் டீசல் முதலில் சேரும் பிரைமரி ஃபில்டருக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில் மாட்டுங்கள். ராக்கோர் பிராண்ட் மாதிரி ஃபில்டரில் மேல்மூடியின் டி கைப்பிடிக்குப் பதிலாகவே திருகிவிடும் கேஜும் உண்டு. பிரஷர் கேஜ் லிஃப்ட் பம்புக்குப் பிறகு வரும் செகண்டரி ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதே நமக்கு வேண்டியது. ஃபில்டர் தலையில் பிளக் இருந்தால் அங்கே. இல்லையென்றால் பைப்பைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட்டுக்குப் பதிலாக, நடுவில் துளையிட்டு கேஜுக்கு மரை போட்ட ஒன்றை மாற்றிப் போடுங்கள். காப்பர் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. மரையில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள்: அதன் நூல் ஒன்று பிய்ந்து இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் போனால் கேஜ் மாட்டியதே புதுப் பழுதாகிவிடும்.

கட்டிப்போட்ட படகில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். சுமை ஏறினால்தான் இந்தப் பழுது முகம் காட்டும். ஒருவர் வீலில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் இன்ஜின் அறையில் கேஜைப் பார்க்க, திறந்த இடத்தில் முழு வேகத்தில் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டுங்கள். கப்பல் போகும் ஃபேர்வேயில் இதைச் செய்யாதீர்கள். நங்கூரம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும்.

வேக்குவம் எண்ணைப் படிக்கும்போது ஒரு கழித்தல் கணக்கு உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டேங்கில் டீசல் மட்டம் பம்பைவிட ஒரு மீட்டர் கீழே இருந்தால், எந்த அடைப்பும் இல்லாமலே கேஜ் சுமார் 2.4 இன்ச் காட்டும். டீசலை அந்த உயரத்துக்கு இழுக்க அவ்வளவு வேண்டும். அதைக் கழித்த பிறகும் முழு வேகத்தில் 4 இன்ச்சுக்கு மேல் ஏறினால் அடைப்பைத் தேடத் தொடங்குங்கள்.

இப்போது இரண்டு முள்ளையும் சேர்த்துப் படியுங்கள். வேக்குவம் அதிகம், பிரஷர் குறைவு என்றால் பம்ப் நல்லது; அதன் வாய்க்கு டீசல் வரவில்லை. இந்த நிலையில் பம்பை மாற்றுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போலத்தான், ஆனால் அதிகம் பேர் முதலில் செய்வது அதைத்தான். வேக்குவமும் குறைவு, பிரஷரும் குறைவு என்றால் மூன்றில் ஒன்று: எங்கோ காற்று இழுக்கிறது, பம்ப் தேய்ந்துவிட்டது, அல்லது மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிட்டர்ன் பக்கத்து ஓவர்ஃப்ளோ வால்வு மூடாமல் நிற்கிறது. வேக்குவம் சரி, பிரஷர் கேஜை இடம் மாற்றிப் பார்த்தால் செகண்டரி ஃபில்டருக்கு முன்னால் பிரஷர் சரி, பின்னால் மட்டும் விழுகிறது என்றால் அந்த ஃபில்டரை மாற்றிவிட்டுப் போய் டீ குடிக்கலாம்.

அடைப்பு பெரும்பாலும் டேங்க் பக்கம்தான். இன்ஜின் தடுமாறும் நேரத்தில் டீசல் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய் வேக்குவம் இறங்கினால் டேங்க் வென்ட் (காற்றுக் குழாய்) அடைத்திருக்கிறது; குளவி கூடு, உப்பு, பெயின்ட் எதுவும் காரணமாகலாம். அது இல்லையென்றால் பிரைமரி ஃபில்டருக்குள் இருக்கும் எலிமென்ட். ராக்கோரில் பழுப்பு 2 மைக்ரான், நீலம் 10, சிவப்பு 30. இன்ஜினிலேயே செகண்டரி ஃபில்டர் இருக்கும்போது பிரைமரியில் 2 மைக்ரான் போட்டால் எல்லா அழுக்கும் அங்கேயே சேர்ந்து சீக்கிரம் அடைக்கும். 10 அல்லது 30 போதும்.

புது எலிமென்ட்டிலும் வேக்குவம் இறங்கவில்லையா? ஃபில்டரின் டேங்க் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று செலுத்துங்கள். குளகுளவென்று சத்தம் கேட்டால் வழி திறந்திருக்கிறது. முதலில் முக்கித் தடுமாறி, திடீரென்று விட்டுக்கொடுத்தால் உறிஞ்சு குழாயின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. மேலே சொன்ன ‘பத்து நிமிடம் விட்டால் சரியாகிவிடும்’ அறிகுறிக்குக் காரணம் அநேகமாக இதுதான். டேங்குக்குள் மிதக்கும் கோழையோ, பிய்ந்த கேஸ்கெட் துண்டோ இழுவையில் வந்து குழாய் வாயில் ஒட்டும், இழுவை நின்றதும் விலகும். ஊதித் தள்ளினால் அது போய்விடாது, திரும்பி வரும். டேங்க்கைத் திறந்து எடுத்தே ஆக வேண்டும். உறிஞ்சு குழாயின் முனையில் சல்லடை வலை இருந்தால் கழற்றி எறியுங்கள். கைக்கெட்டாத இடத்தில் ஃபில்டர் வைத்து என்ன பயன்?

ஹோஸையும் சந்தேகியுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ரப்பர் உரிந்து இழுவையில் ஒட்டிக்கொள்ளும். மாற்றும்போது ஐஎஸ்ஓ 7840 ஏ1 என்று அச்சிட்ட தீ தாங்கும் ஹோஸைப் போடுங்கள்.

காற்று இழுப்பதைக் கண்டுபிடிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். உறிஞ்சு பக்கம் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருப்பதால் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். சொட்டு இல்லை, அதனால் கசிவு இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். லிஃப்ட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டினால் குமிழ் ஓடுவது தெரியும். முதலில் பார்க்க வேண்டிய இடம் நேற்று யாரோ கை வைத்த இடம்: பழைய கேஸ்கெட் ஃபில்டர் தலையிலேயே ஒட்டியிருக்க அதன்மேல் புதியது, டி கைப்பிடியின் ஓ-ரிங், ஃபில்டர் கிண்ணத்தின் அடி டிரேன் வால்வு.

எங்கே என்று குழம்பினால் 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசலை பம்ப் உயரத்தில் கட்டி வைத்து, புது ஹோஸால் நேராக லிஃப்ட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸும் அதே கேனுக்குள் வரட்டும், இல்லையென்றால் கேன் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் காலியாகும். பிரஷர் சரியானால் குற்றவாளி டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். சரியாகாவிட்டால்தான் பம்ப்.

பம்ப் என்று முடிவானாலும் உடனே வாங்க ஓடாதீர்கள். சில பிஸ்டன் பம்புகளின் நுழைவில் சின்ன வலை உண்டு, பல வருடம் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். டயாஃப்ரம் பம்பின் கைப்பிடியை அழுத்தினால் பலமே இல்லை என்றால் பம்பை ஆட்டும் கேம் மேட்டில் நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அழுத்துங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் ஓடும்போது பம்பின் முனைகளிலேயே வோல்ட் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் உப்புப் பிடித்த எர்த் இணைப்பு. இன்லைன் பம்பில் ரிட்டர்ன் ஹோஸைச் சில விநாடி மட்டும் நெரித்துப் பாருங்கள். பிரஷர் எகிறினால் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. காமன் ரெயிலில் இந்தச் சோதனை கூடாது. டயாஃப்ரம் பம்பில் ஆயில் மட்டம் குச்சியில் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால் டயாஃப்ரம் கிழிந்து டீசல் ஆயிலோடு கலக்கிறது. ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

கிண்ணத்தில் கறுத்த கோழை தெரிந்தால் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கி, அதன்மேல் கிருமி வளர்ந்திருக்கிறது. வார இறுதியில் மட்டும் ஓடும் படகு பாதி டேங்கோடு நம் ஈரக் காற்றில் கிடந்தால் இது தவிர்க்க முடியாதது. முதலில் அடித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு கிருமிநாசினி ஊற்றுங்கள். செத்த கோழை அடுத்த சில ஓட்டங்களில் ஃபில்டரை அடைக்கும், அதனால் மூன்று நான்கு எலிமென்ட் படகிலேயே இருக்கட்டும். எடுத்த தண்ணீரையும் கழிவு டீசலையும் கேனில் பிடித்து மரினாவின் கழிவு எண்ணெய்த் தொட்டியில் சேருங்கள். கடலில் விட்டால் சட்டப்படி குற்றம், மினுமினுப்பு உடனே காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் சரியான பிறகு, புது ஃபில்டரோடு முழு வேகத்தில் இரண்டு கேஜும் காட்டும் எண்ணையும், ஆர்பிஎம்மையும், டேங்க் மட்டத்தையும் மார்க்கரால் ஃபில்டர் பக்கத்துச் சுவரிலேயே எழுதிவிடுங்கள். பிரஷர் கேஜைக் கழற்றி அந்த இடத்தில் பிளக் போடலாம். வேக்குவம் கேஜ் அங்கேயே இருக்கட்டும்.