பழைய பிக்கப்பில் பின்பக்கம் தூக்கிப் போடுகிறதா? பட்டையை உருவுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

காலி வண்டியில் வள்ளியூரிலிருந்து உவரி வரை போய் இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும், அதே வண்டியில் களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி வந்தால் சொகுசாக ஓடும். 1988-ல் வந்த டாடாமொபைல், பின்னால் வந்த 207, பழைய ஜீப் வகைப் பிக்கப் என எதை வைத்திருப்பவரும் சொல்லும் புகார் இது. பட்டறையில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, கட்டுக்கு ரெண்டு பட்டையை உருவிப் போட்ருவோம், சரியாப் போயிரும்." பின் ஸ்பிரிங்கில் அடுக்கி வைத்திருக்கும் எஃகுத் தகடுகள்தான் பட்டை, அந்த அடுக்கு மொத்தமும் கட்டு. சரியாகப் போகும், கொஞ்ச நாளைக்கு. என்னைக் கேட்டால் பட்டை உருவுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தாலே பல வண்டிகளில் அதற்குத் தேவை வராது.

முதலில் ஏன் தூக்கிப் போடுகிறது என்று பார்ப்போம். மேலே இருக்கும் எடைக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதை வைத்துத்தான் ஆட்டத்தின் வேகம் அமையும். 16 செ.மீ. அமுங்கி நின்றால் வினாடிக்கு ஒன்றேகால் தடவை ஆடும், உடம்புக்கு அது ஒத்துப்போகும். 4 செ.மீ. மட்டுமே அமுங்கினால் அதுவே இரண்டரைத் தடவை, உடம்பு குலுங்கிப்போகும். பாரத்துக்காகச் செய்த ஸ்பிரிங்கின் மேல் வெறும் தொட்டி மட்டும் உட்கார்ந்தால் அது அமுங்காது. வடிவமைப்பே அப்படி என்பதால் இந்தப் பகுதியை முழுக்க மாற்ற முடியாது. ஆனால் பழைய வண்டியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் துரு. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்ந்தால்தான் கட்டு வளையும். இடையில் துரு ஏறிப் பிடித்துக்கொண்டால் சின்னப் பள்ளத்துக்குக் கட்டு அசையவே அசையாது, அடி நேராகச் சேஸிக்குப் போய்விடும். உவரி, கூத்தங்குழி பக்கம் உப்புக்காற்றில் நிற்கிற வண்டியென்றால் சொல்லவே வேண்டாம்.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். டயரில் காற்று எவ்வளவு? பாரத்துக்கென்று ஐம்பது, அறுபது பவுண்டு வைத்துவிட்டு, பாரம் இறக்கிய பிறகும் அப்படியே ஓட்டுகிறவர்கள்தான் நிறைய. காலி வண்டிக்குக் கம்பெனி சொல்லும் அளவைக் கையேட்டில் பார்த்து அதற்கு இறக்குங்கள், பாரம் ஏற்றும்போது மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். நைலான் டயர் போட்டிருந்தால் அடுத்த முறை மாற்றும்போது அதே சுமைத்திறன் உள்ள ரேடியல் போடலாம். பக்கச் சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்து, துரு பிடித்திருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை. சமதளத்தில் நிறுத்தி, பின் ஹவுசிங்குக்கு (பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அச்சுக்கூடு) நேர் மேலே சேஸி வரை டேப் வைத்து அளக்க ஓர் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கியைச் சேஸிக்குக் கொடுத்து வண்டியைக் கொஞ்சம் தூக்கி, மெதுவாக, குலுக்காமல் இறக்கி அளந்து எழுதுங்கள். அப்புறம் இரண்டு மூன்று பேர் தொட்டியின் பின்னால் ஏறி நின்று அமுக்கிவிட்டு, குதிக்காமல் மெதுவாக இறங்கட்டும், மறுபடியும் அளங்கள். நல்ல கட்டு என்றால் இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஒரு விரல் அகலத்துக்கு வித்தியாசம் வந்தால் கட்டு பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அந்த நிலையில் எத்தனை பட்டையை உருவினாலும் மிச்சப் பட்டைகள் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளங்கள்.

பிடித்திருந்தால் கட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழிவு ஆயிலை மேலே ஊற்றி விடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது: உள்ளே இறங்குவது குறைவு, பட்டை முனையின் வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், போதாததற்கு திசையன்விளைத் தேரிக்காட்டுச் செம்மணல் அதில் ஒட்டி அரைக்கும் தாளாகவே ஆகிவிடும். சேஸியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். ஹவுசிங்குக்குத் தனி ஜாக்கி வேண்டும். கட்டை ஹவுசிங்கோடு பிடித்து வைக்கும் யூ போல்ட்டைக் கழற்றிக் கட்டை வெளியே எடுத்ததும், பட்டைகளை நடுவில் கோத்து வைத்திருக்கும் சென்டர் போல்ட்டைத் தொடுவதற்கு முன் அதன் இரண்டு பக்கத்திலும் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பட்டைகள் வெவ்வேறு வளைவில் இருப்பதால் போல்ட் விட்டவுடன் பிரிந்து எகிறும், முகத்தை நேராக வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. கிளாம்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, பட்டைகளைக் கழற்றிய வரிசையிலேயே எண் போட்டு வையுங்கள்.

இனி பொறுமையான வேலை. ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொன்றின் முனையும் மேல் பட்டையின் அடியில் பள்ளம் தோண்டியிருக்கும், விரலால் தடவினால் படிக்கட்டு போலத் தட்டுப்படும். பட்டை அசையாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அந்தப் பள்ளமும் ஒரு காரணம். முனையின் கூர்விளிம்பை உரசி உருட்டிவிடுங்கள், பள்ளத்தின் விளிம்பைச் சமமாக்குங்கள், ஆனால் குறுக்காக ஆழக் கோடு விழும்படி கிரைண்டர் ஓட்டாதீர்கள், அங்கேதான் பிற்பாடு ஒடியும். மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தப் பட்டை போயிற்று, வேறு போடுங்கள். சுத்தமான பட்டைக்குக் கிராஃபைட் கிரீஸ் லேசாக, மிக லேசாகப் பூசினால் போதும். முனைகளுக்கு அடியில் நைலான் தட்டு வைத்தால் இன்னும் நல்லது. யூ போல்ட் பிடிக்கும் நடுப்பகுதியில் மட்டும் கிரீஸும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம், நாளடைவில் அமுங்கி இறுக்கம் விட்டுப்போகும். பட்டைகளைச் சுற்றி வரும் கிளிப்பை நசுக்கி அடிக்காதீர்கள், பட்டை நகர இடைவெளி வேண்டும்.

புஷ்ஷும், கட்டின் ஒரு முனையைச் சேஸியோடு இணைத்து ஆடும் ஷேக்கிளும் இந்த நேரத்திலேயே பார்க்க வேண்டியவை. கிரீஸ் நிப்பிள் உள்ள உலோகப் புஷ் என்றால் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடியுங்கள். ரப்பர் புஷ் என்றால், பட்டறையில் பலர் கண்டுகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு: வண்டி தூக்கி நிற்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடை உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக எதிர்க்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். பின்னால் ஷேக்கிள் உள்ள வண்டியில் அதன் கீழ்முனை பின்பக்கம் சாய்ந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்டுக்குத்தாக நின்றாலோ முன்பக்கம் சாய்ந்தாலோ, கட்டு நீள்வதற்கு வழியில்லாமல் முட்டும்.

இதையெல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தால் இடி குறைந்திருக்கும், ஆனால் வண்டி மேலும் கீழும் துள்ளுகிறதே என்று தோன்றலாம். பயப்பட வேண்டாம். இவ்வளவு நாள் துருதான் ஷாக் அப்சார்பர் வேலையைப் பார்த்திருக்கிறது, அதை எடுத்ததும் செத்துப்போன ஷாக் வெளியே தெரிகிறது. புது ஷாக் ஜோடியாக வாங்குங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் எதையும் மாட்டாமல், முழுசாக அமுங்கிய நீளத்தையும் விரிந்த நீளத்தையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். ஷாக் அடிமட்டம் தட்டுவதற்கு முன் ஹவுசிங் சேஸியில் மோதாமல் தடுக்கும் ரப்பர் முட்டு (பம்ப் ஸ்டாப்) தொட வேண்டும், இல்லையென்றால் முதல் பெரிய பள்ளத்திலேயே ஷாக் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை, இனி அந்த வண்டியில் பெரிய பாரம் ஏற்றப் போவதும் இல்லை என்றால் மட்டும் பட்டையை உருவலாம். எதை உருவுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே நீளமாக, முனையில் வளையத்தோடு இருக்கும் மெயின் பட்டையையும் அதற்கு அடுத்த இரண்டாம் பட்டையையும் தொடாதீர்கள், மெயின் ஒடிந்தால் ஹவுசிங்கைப் பிடித்து வைப்பது அந்த இரண்டாவதுதான். கட்டின் அடியில் வளைவில்லாமல் தடியாக இருக்கும் பட்டையைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள், ஆனால் டார்ச் அடித்துப் பாருங்கள். காலி வண்டியில் அதன் முனை மேல் பட்டையைத் தொடாமல் நின்றால், அதை எடுத்து ஒரு பலனும் இல்லை. நடுவில் உள்ள ஒன்றை எடுங்கள், மிச்சப் பட்டைகளின் நீளம் படிப்படியாகக் குறைந்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தடிமன் இங்கே பெரிய விஷயம், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அகலமும் நீளமும் ஒன்றாக இருந்தால் 8 மி.மீ. பட்டை ஒன்று, 6 மி.மீ. பட்டை இரண்டேகாலுக்கும் மேல் சமம். ஆகவே கட்டுக்கு ஒன்று எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்ததை யோசியுங்கள். எடுத்த பட்டையின் தடிமனிலேயே ஒரு துண்டுப் பட்டையைக் கட்டின் நடுப்பகுதியில் வைத்தால் உயரமும் யூ போல்ட் மரையும் சரியாக நிற்கும்.

தொய்ந்த பட்டையைக் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எஃகின் பதம் போய் சீக்கிரமே மறுபடி தொய்ந்துவிடும். வெல்டிங்கும் கூடாது. பட்டையை மொத்தமாகத் தூக்கிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடுகிற ஆசை உள்ளவர்கள், வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு சேஸியில் கை வைக்கட்டும், எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகும்போது அந்தப் பேச்சு வரும்.

மாட்டும்போது யூ போல்ட் புதுசாகப் போடுங்கள், பழையது ஒருமுறை இழுபட்டது. நான்கு நட்டையும் மாற்றி மாற்றி, கம்பெனி சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள். பின் ஹவுசிங்கோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், உயரம் மாறியதற்கு ஏற்ப அதை மறுபடி சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பின் பிரேக்கின் பிடி மாறிவிடும். நாங்குநேரி வரை ஒரு ஓட்டம் போய்த் திரும்பி வந்து யூ போல்ட்டை இன்னொரு தடவை இறுக்குங்கள், சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடியும்.