உருண்டைக் கடைசல் ஜிக்: எலுமிச்சம்பழம் எங்கிருந்து வருகிறது?

மரக் கடைசல் பழகுகிறவர்கள் சில மாதங்களிலேயே உருண்டைக்கு வந்துவிடுவார்கள். படிக்கட்டுத் தூணின் தலைக்குமிழ், அலமாரிக் கைப்பிடி, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று எதற்கெடுத்தாலும் உருண்டை வேண்டியிருக்கிறது. வெறும் உளியால் கண்பார்த்து உருட்டக் கை பழக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அதனால் ஜிக், அதாவது உளியை ஒரே வட்டத்தில் திருப்பிக் கொண்டுபோகும் துணைக்கருவி, தேடுகிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் புதியவர்கள் கடைந்து கொண்டுவரும் உருண்டைகளைப் பார்த்தால், முன்பு பழகியவர்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. கண்ணாடி போடுவது, உளி தீட்டுவது எல்லாம் முதல் நாள் பாடம். அவற்றை விட்டுவிடலாம்.

மைய போல்ட் அச்சுக்கு நேர் கீழே இல்லாதது

மரத்தையும் நாளையும் அதிகமாகத் தின்னும் தவறு இதுதான். பத்து ஜிக்கில் எட்டு இதனால்தான் மூலையில் கிடக்கின்றன என்று தோன்றும் அளவுக்கு இதைப் பார்க்கிறோம்.

ஜிக்கின் கை ஒரு போல்ட்டைச் சுற்றித் திரும்புகிறது. மரம் லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. இந்த இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் உளி முனை எங்கே நின்றாலும் அந்தப் புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும், கிடைப்பது உருண்டை. சந்திக்காவிட்டால் வேறு எதைச் சரிசெய்தாலும் உருண்டை வராது.

புதியவர்கள் முனையின் உயரத்தைத்தான் மணிக்கணக்கில் சரிபார்க்கிறார்கள். முனை அச்சுக்கு 1 மி.மீ. மேலே இருந்தாலும் வடிவம் கெடாது. உருண்டை உருண்டையாகவே வரும், துருவத்தில் மட்டும் 2 மி.மீ. விட்டத்துக்கு ஒரு காம்பு அறுபடாமல் நிற்கும். அதை உளியால் கிள்ளிவிடலாம். போல்ட் பெட்டின் (லேத்தின் அடிச்சட்டத்தின்) நீளவாக்கில் நகர்ந்திருந்தாலும் கவலையில்லை, உருண்டை சற்றுத் தள்ளி உருவாகும், அவ்வளவுதான். குறுக்குவாக்கில் நகர்ந்திருந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

கணக்கு எளிது. 60 மி.மீ. உருண்டை கடைகிறீர்கள். போல்ட் 1 மி.மீ. எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. நடுவில் 60 வரும்போது நீளவாக்கில் 62 வரும். இரண்டு முனையும் கூர்ந்து எலுமிச்சம்பழமாகிவிடும். அதே 1 மி.மீ. ஆள் நிற்கும் பக்கம் தள்ளியிருந்தால் நீளம் 58 ஆகி, கமலா ஆரஞ்சு போல அமுங்கிவிடும். ஒரு பங்கு பிசகு இரண்டு பங்காகத் தெரிகிறது.

இது புரியாமல் 80-ம் நம்பர் உப்புத்தாளால் அரைமணி நேரம் தேய்த்து மட்டப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. காய்ந்த பேரி மரம் அப்படியே தூளாகிப் போகும். பழைய பேரி மரம் கிடைப்பதே அரிது, இழை நெருக்கமாக அவ்வளவு சீராகக் கடைபடும் மரம் அது. ஜிக்கின் தவறுக்கு அதைப் பலிகொடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

தவறு எப்படி நுழைகிறது? அடிப்பலகையின் நடுவே அளந்து துளை போடுகிறார்கள். பலகையின் நடுவும் லேத்தின் அச்சும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பலகைக்குக் கீழே, பெட்டின் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே உட்காரும் கட்டையில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே போதும், ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் மையம் வேறாகிவிடும். விலைக்கு வாங்கும் ஜிக்கும் விதிவிலக்கல்ல. பல லேத்துக்கும் பொருந்தட்டும் என்று கட்டையைச் சற்று ஒல்லியாகவே செய்து அனுப்புகிறார்கள்.

சரிபார்க்கும் வழி இது. மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை எடுத்துவிடுங்கள். மரத்தைக் கவ்விச் சுழற்றும் சக்கில் ஒரு கட்டையைப் பிடித்து 40 மி.மீ. விட்டத்துக்கு உருளையாகக் கடைந்து லேத்தை நிறுத்துங்கள், இனி அது ஓடக்கூடாது. உருளையின் முனை மைய போல்ட்டைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். முன்பக்கம் உளி முனை உருளையை லேசாகத் தொடும்படி வைத்து இறுக்குங்கள். முனை நிற்கும் நிலையைக் கையில் குறித்துக்கொண்டு, முனையைப் பின்னுக்கு இழுத்து, கையை உருளையின் முனை வழியாக எதிர்ப்பக்கம் கொண்டுபோய், மீண்டும் அதே குறிக்கு முனையைக் கொண்டுவாருங்கள். அங்கும் லேசாகத் தொட்டால் மையம் சரி. 1 மி.மீ. இடைவெளி தெரிந்தால் போல்ட் அந்தப் பக்கமாக அரை மி.மீ. விலகியிருக்கிறது, அரை மி.மீ. முன்னால் இழுங்கள். இடித்தால் எதிர்த்திசையில் நகர்த்துங்கள்.

இப்படி நகர்த்த வசதி வேண்டும் என்பதற்காகவே, மைய போல்ட் உட்காரும் பேரிங் கட்டையைப் பலகையில் பூட்டும் துளைகளை இருபக்கமும் 3 மி.மீ. நீட்டித் துளைப்பது நல்லது. மையம் கிடைத்ததும் திருகுகளை இறுக்கி, 6 மி.மீ. ஊசி இரண்டு அடித்து நிலைநிறுத்திவிடுங்கள். கீழ்க்கட்டையில் ஆட்டம் இருந்தால் ஒரு பக்கம் குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டைச் செருகி, எப்போதும் ஆள் பக்கத் தண்டவாளத்தோடு தள்ளிவைத்தே பூட்டுங்கள்.

மலைக்கு உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. உதகை, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து மழையும் மூடுபனியும் பலகையைப் பதம் பார்க்கும். சாதா பிளைவுட் வளைந்து 150 மி.மீ. அகலத்தில் ஒரு ஓரம் 1 மி.மீ. தூக்கினால், 110 மி.மீ. உயரத்தில் உள்ள அச்சின் அருகே மையம் 0.7 மி.மீ. விலகிவிடும். கீழே அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 18 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கி, நான்கு ஓரத்திலும் வார்னிஷ் அடியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் உருளைச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

அளக்காமல் வாங்குவது

இரும்பு லேத்துக்கான உருண்டை ஜிக் கிராஸ் ஸ்லைடில், அதாவது உளியைக் குறுக்கே நகர்த்தும் தட்டில், பூட்டுவது. மர லேத்தில் கிராஸ் ஸ்லைடே கிடையாது. படத்தைப் பார்த்து வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப முடியாமல் தவிக்கிறார்கள். பணம் கட்டுமுன் இரண்டை அளந்துகொள்ளுங்கள்: பெட்டிலிருந்து அச்சுவரை உயரம், தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி. 10 அங்குல ஸ்விங் (சுழலக்கூடிய அதிகபட்ச விட்டம்) உள்ள லேத்தில் உயரம் ஏறக்குறைய 125 மி.மீ. அதில் 100 மி.மீ. உருண்டைக்கு 50 போக, பலகை, பேரிங், திரும்பும் தட்டு எல்லாம் மீதி 75-க்குள் அடங்க வேண்டும்.

ஒற்றைத் துளையில் போல்ட்

பிளைவுட்டில் துளை போட்டு 12 மி.மீ. போல்ட்டை நுழைத்தால் இருபது உருண்டைக்குள் துளை அகன்றுவிடும். முனை அதிரும், மரத்தில் வரிவரியாகத் தடம் விழும். 6201 பேரிங் இரண்டு போடுங்கள். உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32, தடிமன் 10 மி.மீ. ஒன்றுக்கொன்று சற்று இடைவெளி விட்டு உட்காரவைத்தால் ஆட்டம் போய்விடும்.

முனையை முன்னே தள்ள எம்6 திருகு எடுங்கள். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும், மனக்கணக்கு எளிது. எம்8 என்றால் 1.25, கால் சுற்றுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்.

கட்டையை நேரே ஜிக்கில் கொடுப்பது

ஜிக் முடிக்கத்தான், மூலை வெட்ட அல்ல. 60 மி.மீ. உருண்டைக்கு முதலில் 62 மி.மீ. உருளை கடையுங்கள். நடுவில் 25 மி.மீ. விட்டு இருபக்கமும் 17.5 மி.மீ. அளவுக்கு 45 டிகிரியில் கவுஜால் (குழிவான உளியால்) சரித்துவிடுங்கள். மீதி வேலையை ஜிக்குக்குக் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு அரை மி.மீ., கடைசித் தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக. வேகம் 1,200-க்கு மேல் தேவையில்லை. சக் தாடைக்கும் உருண்டைக்கும் நடுவே 40 மி.மீ. விடாவிட்டால் கை போய்ச் சக்கில் இடிக்கும். ஆகவே சக்கில் பிடிக்கும் பகுதியையும் சேர்த்து 60 மி.மீ. உருண்டைக்கு 130 மி.மீ. நீளக் கட்டை வேண்டும்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு அறுப்பது

இழை பிய்யும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள், இரண்டு பக்கமும்.

ஈர மரம்

தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கிறது, வெட்டிய மறுவாரமே லேத்தில் ஏறிவிடுகிறது. ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே ஈரமாகக் கடைந்த உருண்டை காயும்போது முட்டையாகும். யூகலிப்டஸ் இன்னும் மோசம், வெடிக்கவும் செய்யும். 8 மி.மீ. கூடுதலாக வைத்து முரட்டுக் கடைசல் கடைந்து, முனைகளில் மெழுகு பூசி, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே முடிக்கும் கடைசல்.

மலையில் காய்ந்ததும் கீழே மேட்டுப்பாளையம் வெயிலுக்குப் போனால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஸ்னூக்கரின் விதிகளை 1882-ல் வகுத்துத் தொங்கவிட்ட உதகை கிளப் நம் ஊரில் இருப்பதாலோ என்னவோ, மரத்திலும் அந்தப் பந்தின் துல்லியத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 52.5 மி.மீ. பந்தில் அனுமதிக்கும் பிசகு 0.05 மி.மீ. மரம் அந்த அளவில் நிற்காது. 0.2 மி.மீ.-க்குள் வந்தால் நல்ல உருண்டை.

ஈட்டி

ஆவணம் இல்லாத ஈட்டி மரத்தைத் தொடாதீர்கள். அதைக் காக்க 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

மஃப்ளரும் சால்வையும்

கழற்றிவிட்டு லேத்தை ஓட்டுங்கள்.

காம்பை அறுத்து அப்படியே தேய்ப்பது

ஜிக் சக் பக்கத்துத் துருவத்தை எட்டாது. அங்கே 15 மி.மீ. காம்பு நிற்கும். அதை ரம்பத்தால் அறுத்துக் கையால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் தட்டையாகிவிடும். வேண்டாத மரத்தில் ஒரு கிண்ணம் கடைந்து சக்கில் பிடியுங்கள், வாய் உருண்டை விட்டத்தில் முக்கால் பங்கு. உள்ளே பழைய தோல் ஒட்டுங்கள். இன்னொரு சிறு கிண்ணம் டெயில் ஸ்டாக்கின் சுழலும் சென்டரில். காம்பு இருந்த இடம் பக்கவாட்டில் சுழலும்படி உருண்டையை நடுவே இறுக்கி, அது மறையும்வரை மட்டும் சீவுங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை. கடைசியில் விட்டத்தைவிடச் சிறிய பி.வி.சி. குழாய்த் துண்டின் வாயை உருண்டைமேல் பல இடத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அதற்குப் பக்கத்து மேட்டில்தான் இன்னும் மரம் இருக்கிறது.