சிறிய அமெரிக்க நகரில் அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி

முதலில் பார்க்க வேண்டியது ரேட்டிங் அல்ல, முகவரி. எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. தபால் முகவரியில் ஊர்ப் பெயர் இருந்தாலே வீடு அந்த ஊரின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின் எல்லைக்குள்) இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தபால் எல்லை, நகர எல்லை, டிஸ்ட்ரிக்ட் எல்லை மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். வாடகைத் தளத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பி லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். டிஸ்ட்ரிக்டின் சேர்க்கைப் பிரிவுக்கு ஃபோன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள்: அடுத்த கல்வியாண்டிலும் இந்த முகவரிக்கு இதே பள்ளிதானா? குழந்தை சேர வேண்டிய வகுப்பில் இடம் இருக்கிறதா? வகுப்பு நிரம்பிவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடும் டிஸ்ட்ரிக்டுகள் உண்டு.

சிறிய நகரங்கள் பலவற்றில் எலிமென்டரி பள்ளிகள் நான்கைந்து இருந்தாலும் ஹை ஸ்கூல் ஒன்றுதான். எல்லாக் குழந்தைகளும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்வார்கள். ஆகவே எலிமென்டரியைப் பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடுங்கள். ஹை ஸ்கூலுக்குப் பக்கத்து டிஸ்ட்ரிக்டோடுதான் ஒப்பிட முடியும்.

இனி ரேட்டிங். கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தின் 1 முதல் 10 வரையிலான எண்ணைப் பார்த்தே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். தேர்வு மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தோடு ஒட்டியே ஏறி இறங்கும். வசதியான குடும்பங்கள் இருக்கும் பகுதியின் பள்ளி, பெரிதாக ஒன்றும் செய்யாமலே நல்ல எண் வாங்கிவிடும். அதனால் மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டுக்குப் போங்கள். 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும், ஹை ஸ்கூலில் ஒரு முறையும் வாசிப்பு, கணக்கு இரண்டிலும் தேர்வு வைக்க வேண்டும். பள்ளிவாரியாக முடிவை வெளியிடவும் வேண்டும்.

அதில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, தேர்ச்சி விகிதம்: குழந்தைகள் இன்று எங்கே நிற்கிறார்கள் என்பது. மற்றது வளர்ச்சி: ஒரே குழந்தை ஓராண்டில் எவ்வளவு முன்னேறியது என்பது. பள்ளியின் உழைப்பு தெரிவது இரண்டாவதில்தான். தேர்ச்சி சுமாராக இருந்து வளர்ச்சி நன்றாக இருக்கும் பள்ளியை, தேர்ச்சி உயர்ந்து வளர்ச்சி தேங்கிய பள்ளியைவிட மேலாகவே நாங்கள் கருதுவோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எஜுகேஷனல் ஆப்பர்ச்சூனிட்டி ப்ராஜெக்ட் தளத்திலும் இந்தக் கற்றல் வேகத்தைத் தனியாகப் பார்க்கலாம். பக்கத்து மாநிலத்துத் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிடாதீர்கள். தேர்வும் வேறு, தேர்ச்சிக்கான கோடும் வேறு.

சிறு ஊரில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பில் மொத்தமே 40 பேர் என்றால் ஒரு குழந்தை 2.5 சதவீதம். நான்கு பேர் கோட்டைத் தாண்டாவிட்டால் தேர்ச்சி 10 சதவீதம் சரிந்துவிடும்; ஆசிரியரும் பாடமும் அப்படியேதான் இருக்கும். ஒரே ஆண்டின் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். 2020இல் தேர்வே நடக்கவில்லை, 2021இல் சில இடங்களில் பாதிப் பேர்கூட எழுதவில்லை. அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாணவர் ஆசிரியர் விகிதமும் ஏமாற்றும். ஓர் ஆசிரியருக்கு 15 பேர் என்று போட்டிருக்கும். வகுப்பில் போய்ப் பார்த்தால் 24 பேர். சிறப்புக் கல்வி, இசை, உடற்கல்வி ஆசிரியர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். இலவச உணவு பெறும் மாணவர் விகிதத்தை வறுமையின் அளவாகக் கொள்வதும் இப்போது சரிவராது, ஏனென்றால் பல பள்ளிகளில் எல்லோருக்குமே உணவு இலவசம். இதைவிட நாள்பட்ட வருகையின்மை உருப்படியான எண். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள் வராத குழந்தைகள் இதில் வருவார்கள். இது ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால், காரணத்தை முதல்வரிடமே கேளுங்கள்.

நேரில் போகும்போது, போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், உங்கள் குழந்தையின் வகுப்பில் ஒரு பிரிவுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். மிடில் ஸ்கூலில் கேட்க வேண்டியது எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 உண்டா என்பது. உண்டென்றால், ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் முடித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் எடுக்க வழியிருக்கும். ஹை ஸ்கூலில் ஏபி (கல்லூரித் தர) பாடங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார்கள். எத்தனை பேர் தேர்வு எழுதி, ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கும். கடைசி ஓராண்டுக்குரியதைப் புரட்டினால் எந்தப் பள்ளியை மூடப் பேசுகிறார்கள், எந்த எல்லையை மாற்றப் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தகுதித் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து சிலர் ஆங்கிலம் என்றே எழுதிவிடுகிறார்கள். தேர்வில் தேறினால் வழக்கமான வகுப்பு, அவ்வளவுதான். தேறாத குழந்தைக்கு மொழி உதவி கிடைக்கும். பொய்யாக எழுதினால் கிடைக்க வேண்டிய அந்த உதவி போய்விடும். விசா நிலை பற்றிப் பள்ளி கேட்காது. முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பழைய தடுப்பூசி அட்டை கையால் எழுதியதாக இருந்தால், தேதிகளை அங்குள்ள மருத்துவரிடம் கொடுத்து மாநிலப் படிவத்தில் ஏற்றி வாங்கிவிடுங்கள். பள்ளி திறக்கும் சமயமான ஆகஸ்ட்டில் மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினம்.