கரையைக் கடந்த பிறகுதான் கவனம் வேண்டும்

புயல் வலுவிழந்தது என்று டிவியில் சொன்னதும் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். காற்றுதான் ஓயும், மழை ஓயாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், வலுவிழந்த பிறகுதான் தொலைவில் இருக்கிற ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது.

சென்னையில் எங்கள் ஜாபர்கான்பேட்டை மாதிரி அடையாற்றை ஒட்டிய தெருக்களில் வாசல் மழையை மட்டும் பார்த்தால் போதாது. செம்பரம்பாக்கம் உபரிநீர் இந்த ஆற்றில்தான் சேரும். ஏரியின் முழு ஆழம் 24 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினாலே தரைத்தளத்தைக் காலி செய்யத் தொடங்குங்கள்.

தண்ணீர் வாசல்வழி வருவதற்கு முன்பே பாத்ரூம் ஓட்டைவழி பொங்கும். பழைய துணியைப் பிளாஸ்டிக் பையில் திணித்து அடைத்து, மேலே மணல் மூட்டை வையுங்கள். சிலிண்டர் மிதக்கும், ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை உயரத்தில் ஏற்றுங்கள். மெயினைத் தரை காய்ந்திருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். ஈரத்தில் நின்றுகொண்டு தொடவே கூடாது.

வயதானவர்களை வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்கு ஏற்றிவிடுங்கள். மாத்திரைப் பையும் கூடவே போகட்டும். மாநகராட்சி உதவிக்கு 1913.

வடிந்த பிறகு சம்ப் தண்ணீரை முழுக்க இறைத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கேன் தண்ணீர்தான்.