சுவரில் ஏறிய ஈரம்

புறநகரில் வீடு வாங்கிக் குடிவந்த இரண்டாம் வருஷம், படுக்கையறைச் சுவர் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போனது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. பட்டி பார்த்து இரண்டு தடவை பெயின்ட் அடித்தேன். தண்டச் செலவு.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வெளிப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். "பூச்செடிக்குன்னு மண்ணைக் கொட்டி பேஸ்மட்டத்தையே மூடிட்டீங்களே தம்பி!" அங்கே, சுவர் தொடங்கும் மட்டத்தில், தரை ஈரம் மேலே ஏறாமலிருக்க ஈரத்தடுப்புப் பூச்சு இருந்தாலும், மண் அதற்கு மேலே ஏறிவிட்டால் ஈரம் நேராகச் சுவருக்குள் போய்விடும்.

ஈரத்தடுப்புப் பூச்சுக்கு 15 செ.மீ. கீழே வரை மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் வைத்தேன். உள்ளே உப்பேறிய சிமென்ட் பூச்சைக் கொத்திவிட்டு நாலு மாசம் காயவிட்டேன் (அந்த நாலு மாசம் வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை). அப்புறம்தான் புதுசாகப் பூசி, பெயின்ட். மூன்று மழைக்காலம் போயாச்சு, கொப்புளம் இல்லை.