ரேடார் வேலைக்கு வர வேண்டுமா? முதலில் கிணற்றடிக்குப் போங்கள்

பொங்கலுக்குச் சோமனூர் போயிருந்தபோது, மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கும் சித்தப்பா மகன் கேட்டான்: "ரேடார் சிக்னல் வேலைக்கு எந்தக் கோர்ஸ் சேரணுங்ணா?" கோர்ஸ் அப்புறம், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வா என்றேன். அன்று செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் போதும். பைத்தானில் 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 6 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறிப்போகும் ஒலியை 50 மில்லி விநாடிக்கு உருவாக்குங்கள். ரேடார்காரர்கள் இதைச் சிர்ப் என்பார்கள். ஸ்பீக்கரைக் கம்பில் கட்டிக் கிணற்றுக்குள் நீட்டி ஒலிக்க விட்டுப் பதிவு செய்யுங்கள். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு என்றால் எட்டிப் பார்க்கவே கூடாது.

பதிவை வரைந்து பார்த்தால் எதிரொலி கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் தறிக்குடோன் சத்தம் எல்லாவற்றையும் மூடியிருக்கும். இப்போது அனுப்பிய சிர்ப்பை வைத்தே பதிவைக் கோரிலேட் செய்யுங்கள், அதாவது சிர்ப்பைப் பதிவின் மேல் நகர்த்தி நகர்த்தி எங்கே ஒத்துப்போகிறது என்று பாருங்கள். எங்களுக்கு 105 மில்லி விநாடியில் கூரான ஒரு முனை எழுந்தது. ஒலி அன்றைய வெயிலில் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். போய்வர இரண்டு வழி என்பதால் பாதியாக்கினால் தண்ணீர் வரை 18.3 மீட்டர், அதாவது 60 அடி. கயிறு விட்டு அளந்தோம், சரியாக வந்தது. மேட்ச்டு ஃபில்டர் என்று பாடத்தில் வருவது இதுதான்.

அதற்கு முன்னாலும் குட்டி முனைகள் இருந்தன. அவை கிணற்றுப் படிகளும் மோட்டார் பைப்பும். வேண்டாத இந்த எதிரொலிதான் கிளட்டர். எது தண்ணீர், எது படி என்று கணினியே முடிவு செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் பாதி உழைப்பு அங்கேதான் போகிறது.

நிஜ ரேடாரில் ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. ஒரு மைக்ரோ விநாடித் தாமதம் என்றால் இலக்கு 150 மீட்டரில் இருக்கிறது. 150 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் (சிர்ப் ஏறிப்போகும் அலைவெண் வரம்பு) இருந்தால் ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பொருட்களைப் பிரித்தறியலாம். கார்களில் வரும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி மணிக்கு 36 கிலோமீட்டரில் ஒரு வண்டி வந்தால் டாப்ளர் மாற்றம், அதாவது வேகத்தால் அலைவெண்ணில் வரும் மாற்றம், சுமார் 5 கிலோஹெர்ட்ஸ்.

கணக்கில் ஃபூரியேயும் லீனியர் அல்ஜீப்ராவும் எப்படியும் படிப்பீர்கள். நிகழ்தகவை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் முதல் நேர்காணலில், "விநாடிக்குப் பத்து லட்சம் செல்களை (ரேடார் பார்க்கும் பரப்பைப் பிரித்த சிறு கட்டங்கள்) சோதிக்கிறோம், ஒவ்வொன்றிலும் தவறான அலாரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அலாரம் எத்தனை அடிக்கும்?" என்றார்கள். சராசரியாக விநாடிக்கு ஒன்று. ரேடார் சமன்பாட்டை மனப்பாடமாக எழுதிய எனக்கு அது உடனே வரவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

வேலைக்குப் பெரும்பாலும் பெங்களூர்தான் போக வேண்டும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் எல்ஆர்டிஇ என்ற ரேடார் ஆய்வகம், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம், அப்புறம் கார் ரேடார் செய்யும் தனியார் கம்பெனிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. டிஆர்டிஓவுக்குக் கேட் (GATE) தேர்வு மதிப்பெண் முக்கியம். தனியாரில் சி++ தெரியுமா என்று கேட்பார்கள். எங்கே போனாலும் நீங்களே எடுத்த பதிவையும் அதன் வரைபடத்தையும் கையில் கொண்டுபோங்கள்.

தம்பி இப்போது தறி ஓடும்போது ஒன்று, மின்தடையில் தறி நின்றபோது ஒன்று என இரண்டு பதிவுகள் வைத்திருக்கிறான். இரண்டுக்கும் ஒரே த்ரெஷோல்ட் (எதிரொலி என்று ஏற்க முனை தாண்ட வேண்டிய அளவு) ஒத்துவரவில்லை என்று நேற்று ராத்திரி போன் செய்தான். அடுத்து, சுற்றுச் சத்தத்துக்கு ஏற்ப அந்த அளவைத் தானே மாற்றும் சிஃபார் (CFAR) முறையைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.